வாடகையைக் கூட்டச் சொல்லி வந்தால்: யாழ்ப்பாணத்தில் எதை வைத்துப் பேசலாம்

கேள்வி இதுதான்: யாழ்ப்பாண நகரப் பக்கம் ஒரு வீட்டில் 2021 இலிருந்து குடும்பமாக வாடகைக்கு இருக்கிறோம். மாதம் 25,000 ரூபா. ஆறு மாத முற்பணம் கொடுத்திருக்கிறோம். கனடாவில் இருக்கும் வீட்டுக்காரர், "அடுத்த மாசத்திலயிருந்து நாப்பதாயிரம், ஏலாட்டி வீட்டை விடுங்கோ" என்று வட்ஸ்அப்பில் சொல்லிவிட்டார். வாடகையைக் கூட்ட முடியாதபடி ஒரு சட்டம் இருக்கிறது என்கிறார்கள். அதைக் காட்டிப் பேசலாமா?

சட்டம் இருக்கிறது. உங்கள் வீடு அதற்குள் வராமல் போவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். அதைத் தெரிந்துகொள்ளாமல் "சட்டப்படி கூட்டேலாது" என்று முதல் பேச்சிலேயே சொன்னால், வீட்டுக்காரர் ஒரு சட்டத்தரணியிடம் போவார். அவர் பத்து நிமிடத்தில் உண்மையைச் சொல்லிவிடுவார். அதற்குப் பிறகு நீங்கள் நியாயமாகச் சொல்லும் எதுவும் எடுபடாது.

அந்தச் சட்டம் 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம். 1948 இல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்துக்கு வந்தது. வாடகைக்கு இருப்பவருக்கு அது கொடுத்த பாதுகாப்பு மிகப் பலமானது. ஆனால் 1980 இல் செய்த திருத்தம் இரண்டு பெரிய கதவுகளைத் திறந்துவிட்டது. 1980 ஜனவரி 1 க்குப் பிறகு கட்டி வாடகைக்கு விட்ட குடியிருப்பு வீடுகள் சட்டத்துக்கு வெளியே போயின. அந்தத் திகதியில் உரிமையாளரே குடியிருந்து, அதற்குப் பிறகு வாடகைக்கு விட்ட வீடுகளும் வெளியே போயின. யாழ்ப்பாணத்தில் இன்று வாடகைக்கு இருக்கும் வீடுகளை ஒருக்கால் எண்ணிப் பாருங்கள். வெளிநாட்டுக் காசில் கட்டிய மாடி வீடுகள் முதலாவது கதவால் போய்விடும். பழைய கல்வீடுகளிலும் பெரும்பாலானவற்றில் அந்தக் காலத்தில் சொந்தக்காரரே இருந்தார்கள்; பிள்ளைகள் வெளிநாடு போன பிறகுதான் வீடு வாடகைக்கு வந்தது. அவை இரண்டாவது கதவால் போய்விடும்.

இடமும் பார்க்க வேண்டும். சட்டம் எல்லா ஊரிலும் தானாக நடைமுறையில் இருப்பதில்லை. பழைய சட்டம் இருந்த பகுதிகளிலும், பின்னர் வர்த்தமானி மூலம் சேர்க்கப்பட்ட பகுதிகளிலும்தான் இருக்கிறது. எனவே வீடு எந்த உள்ளூராட்சி சபைக்குள் வருகிறது என்று ஆதன வரிப் பட்டியலில் பாருங்கள். ஊர்ப் பெயரை நம்பினால் பிழைக்கும். நல்லூர்க் கோயிலடியில் உள்ள வீடு யாழ்ப்பாண மாநகர சபைக்குள்; திருநெல்வேலியில் பல்கலைக்கழக வாசலுக்கு முன்னால் உள்ள வீடு நல்லூர் பிரதேச சபைக்குள்.

வீடு 1980 க்கு முந்தியது, அப்போதும் வாடகைக்காரர்தான் இருந்தார் என்று தோன்றினால், இரண்டு ஆவணங்களைத் தேடுங்கள். ஒன்று, சபையின் மதிப்பீட்டுப் பதிவேட்டில் அந்த வீட்டுக்கான பிரதி. அதில் வரி இலக்கம், உரிமையாளர் பெயர், ஆண்டுப் பெறுமதி (ஆதன வரிக்காகச் சபை மதிக்கும் ஒரு வருட வாடகைப் பெறுமதி) எல்லாம் இருக்கும். மற்றது, அந்தக் கால வாக்காளர் இடாப்பு. அந்த முகவரியில் யார் இருந்தார்கள் என்று அதுதான் காட்டும். போரில் எத்தனையோ பதிவுகள் அழிந்த ஊர் இது. கிடைக்காவிட்டால் அயலில் உள்ள வயதானவர்களின் சாட்சியத்தில்தான் வழக்கு நிற்கும். அது இரு பக்கத்துக்கும் நிச்சயமில்லாத வழக்கு.

சட்டத்துக்குள் வரும் வீடு என்று உறுதியாகிவிட்டால் கணக்கே வேறு. அங்கே வாடகையின் அடித்தளம் 1968 ஜனவரி 1 இல் இருந்த ஆண்டுப் பெறுமதி. அந்தக் காலத்தில் 720 ரூபா என்று மதித்திருந்தால் மாதத்துக்கு 60 ரூபா, அதோடு வரிகள். இதற்கு மேல் கேட்பதும் வாங்குவதும் சட்டவிரோதம். மூன்று மாத வாடகைக்கு மேல் முற்பணம் வாங்கவும் கூடாது. வாடகை நிலுவை, வீட்டுக்காரருக்கே நியாயமான தேவை, வீட்டைச் சேதப்படுத்துதல், அனுமதியில்லாமல் இன்னொருவருக்கு விடுதல் போன்ற காரணங்களைக் காட்டி வழக்காடித்தான் எழுப்பலாம். அளவு பற்றிப் பிணக்கு வந்தால் வாடகைச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுத்தால் உள்ளூராட்சி சபையில் அதற்கென அதிகாரம் பெற்றவரிடம் கட்டலாம். அது வீட்டுக்காரரிடம் கட்டியதாகவே கொள்ளப்படும்.

அப்படியானால் 60 ரூபா கட்டிக்கொண்டு இருக்கலாமா? சட்டப்படி இருக்கலாம். என் அபிப்பிராயம் கேட்டால், புதிதாகக் குடிவந்து நாலைந்து வருடமான குடும்பத்துக்கு அது நல்ல வழியல்ல. அந்த நிமிடத்திலிருந்து வீட்டுக்காரர் ஓட்டை மாற்ற மாட்டார், கிணற்றைப் பார்க்க மாட்டார், உங்களை எழுப்புவதொன்றே வேலையாக இருப்பார். பராமரிப்புக் கடமை சட்டத்தில் இருக்கிறதுதான். ஒழுகும் கூரைக்கு மாரிக்கு முன் தீர்ப்பு வராது. இத்தகைய வீட்டில் இருப்பவர், ஒரு சட்டத்தரணியின் எழுத்து அபிப்பிராயத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தொகையை விட இருப்புக் காலத்தைப் பற்றிப் பேசுவது மேல்.

கடைகளுக்கு அளவுகோல் வேறு. 1968 மதிப்பீட்டின் ஆண்டுப் பெறுமதி ஒரு குறித்த தொகைக்கு மேல் போனால் வணிக இடம் சட்டத்துக்கு வெளியே. கஸ்தூரியார் வீதியில் மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருப்பவர் இதை வாசித்து முடிவெடுக்கக் கூடாது; பதிவேட்டுப் பிரதியோடு சட்டத்தரணியிடம் போக வேண்டும்.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். சட்டத்துக்கு வெளியே என்றே வைத்துக்கொள்வோம். அதற்காக வீட்டுக்காரர் வட்ஸ்அப்பில் சொன்னவுடன் வாடகை கூடிவிடாது. உங்கள் கையில் என்ன எழுத்து இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இலங்கையில் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் சொல்வது அதுதான். தட்டச்சு அடித்து முத்திரை ஒட்டி இருவரும் கையெழுத்து வைத்த "இரண்டு வருச அக்கிரிமெண்ட்" எத்தனையோ வீடுகளில் அலுமாரிக்குள் இருக்கிறது. இரண்டு வருடக் குத்தகையாக அது செல்லாது. வாடகை எவ்வளவு, முற்பணம் எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதைக் காட்ட அது உதவலாம், காலத்தைக் காப்பாற்றாது. நீங்கள் மாத வாடகைக்காரர்தான்.

நொத்தாரிசு எழுதிய குத்தகை உறுதி இருந்தால் அதன் காலம் முடியும் வரை, உறுதியிலேயே இடம் வைத்திருந்தாலன்றி, ஒரு சதமும் கூட்ட முடியாது. மாத வாடகை என்றால், பழைய வாடகை ஒப்பந்தத்தை முடிக்க ஒரு முழு மாத அறிவித்தல் கொடுக்க வேண்டும்; அது மாத முடிவோடு முடிய வேண்டும். 12 ஆம் திகதி வந்த அறிவித்தல் அந்த மாத 31 இல் முடியாது; அடுத்த மாதக் கடைசியில்தான் முடியும். அதுவரை பழைய வாடகைதான். முடிந்த பிறகும் நீங்கள் இருந்தால் அவர் நீதிமன்றம் போக வேண்டும். பூட்டை மாற்றக் கூடாது.

"வழக்குப் போட்டால் பத்து வருசம் இழுக்கலாம்" என்று உங்களுக்குச் சொல்ல ஆள் இருக்கும். குத்தகைக்கு விட்ட இடத்தின் உடைமையைச் சுருக்கமான நடைமுறையில் மீட்பதற்கென்று 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. எழுத்துக் குத்தகை முடிந்தும் எழும்பாமல் இருப்பவரின் நிலை முன்னரைப் போல் இல்லை. இழுத்தடிப்பதை ஆயுதமாக வைத்துப் பேச வேண்டாம்.

பேரத்தில் மிகப் பெரிய பிழை, கோபத்தில் வாடகையை நிறுத்துவது. வீட்டுக்காரரின் தம்பியோ பார்த்துக்கொள்ளும் ஐயாவோ "நாப்பது எண்டாத் தாங்கோ, இல்லாட்டி வேண்டாம்" என்று காசைத் திருப்பிவிடுவார். நீங்களும் சும்மா இருந்துவிடுவீர்கள். மூன்று மாதம் போனதும் கையில் இருந்த நல்ல வழக்கு நிலுவை வழக்காக மாறிவிடும். வாங்க மறுத்த அன்றே, வழக்கமாகப் போடும் வங்கிக் கணக்கில் பழைய தொகையைப் போட்டு, குறிப்பில் மாதத்தை எழுதுங்கள். கணக்கு இல்லாவிட்டால் காசுக் கட்டளை. கூடவே பதிவுத் தபாலில் நாலு வரி: இன்ன திகதி இன்ன மாத வாடகை 25,000 கொண்டு வந்தேன், ஏற்க மறுத்தீர்கள், இவ்வாறு செலுத்தியிருக்கிறேன். தபால் பற்றுச்சீட்டை எறியாதீர்கள்.

சரி, தொகையை எப்படிப் பேசுவது? முதலில் அவர் பக்க நியாயத்தை நீங்களே கணக்குப் பாருங்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8%. 2021 இல் பேசிய 25,000 இன்று அந்த 25,000 அல்ல. நாலு வருடம் ஒரு சதமும் கூட்டாத வீட்டுக்காரர் கூட்டக் கேட்பதில் பிழையில்லை; அதை முதல் வசனத்திலேயே ஒத்துக்கொள்ளுங்கள். ஆனால் 2023 கடைசியில் புதிதாகப் பேசிக் குடிவந்தவர் என்றால் அந்த வாதம் அவருக்குப் பொருந்தாது: பெரிய ஏற்றம் அந்த வாடகைக்குள் ஏற்கெனவே வந்துவிட்டது, 2024 செப்டெம்பரிலிருந்து 2025 நடுப்பகுதி வரை பணவீக்கம் சுழிக்குக் கீழே நின்றது.

அடுத்தது, நீங்கள் எழும்பினால் அவருக்கு என்ன நட்டம் என்ற கணக்கு. பேச்சில் உண்மையான பலம் இதில்தான். நாற்பது கேட்கிற வீடு முப்பத்தைந்துக்குப் போகும் என்று வைப்போம். இரண்டு மாதம் பூட்டிக் கிடக்கும். பூச்சு, சில்லறைத் திருத்தம் 60,000. தரகருக்கு ஒரு மாத வாடகை 35,000. முதல் வருடத்தில் பத்து மாத வாடகை 350,000. செலவு 95,000 போக மிச்சம் 255,000. நீங்கள் பழைய வாடகையிலேயே இருந்திருந்தால் 300,000. நீங்கள் 30,000 கொடுத்தால் 360,000. இரண்டாம் வருடத்தில் புதியவர் 420,000 தருவார். நீங்கள் 32,000 ஆக்கினால் 384,000. இரண்டு வருடக் கூட்டுத்தொகை: புதியவரிடம் 675,000, உங்களிடம் 744,000. உங்கள் தெருவின் உண்மையான எண்களைப் போட்டுப் பாருங்கள். அயலில் அதே அளவு, அதே வசதியுள்ள மூன்று வீடுகளின் வாடகையைக் கேட்டறியுங்கள். விளம்பரத்தில் போட்ட தொகையை அல்ல, கொடுக்கும் தொகையை. கணக்கு உங்களுக்கு எதிராக வந்தால், அதாவது வீடு ஒரு கிழமையில் நாற்பதுக்குப் போகும் இடமென்றால், உங்கள் உச்ச எல்லையை இப்போதே தீர்மானித்து, மாற்று வீடும் தேடத் தொடங்குங்கள். பல்கலைக்கழகத்துக்கும் போதனா வைத்தியசாலைக்கும் கிட்டிய வீடுகளில் இது அடிக்கடி நடக்கும்.

இந்தக் கணக்குத் தாளைப் படமெடுத்து அனுப்ப வேண்டாம். தாளைக் கண்டால் கனடாவில் இருப்பவர் தன் தாளோடு வருவார். தொலைபேசியில், அங்கே சனி காலையாக இருக்கும் நேரம் பார்த்து, இப்படிச் சொல்லலாம்:

"அண்ணை, நீங்கள் கூட்டக் கேக்கிறது பிழையெண்டு நான் சொல்லேல்லை. நாலு வருசமா நீங்கள் கேக்காமல் விட்டதே பெரிய காரியம். பதினையாயிரம் ஒரேயடியாத்தான் எனக்குத் தாங்காது. வாற மாசத்திலயிருந்து முப்பது தாறன். அடுத்த வருசம் முப்பத்திரண்டு. அதுக்கு நீங்கள் ரண்டு வருசத்துக்கு உறுதி எழுதித் தாங்கோ. கிணத்து மோட்டர் மூண்டு தரம் சுத்தி எடுத்தாச்சு, அதையும் மாத்தித் தந்தால் நல்லது."

இதில் நாலு விடயம் இருக்கிறது: ஒத்துக்கொள்ளல், எண், காலம், பதிலுக்கு ஒரு கோரிக்கை. எண்ணைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அவர் பேசாமல் இருக்கும் இடைவெளியைத் தாங்க முடியாமல் "சரி, முப்பத்திரண்டே தாறன்" என்று தானே ஏற்றிவிடுபவர்கள்தான் அதிகம். "யோசிச்சுச் சொல்லுறன்" என்றால் ஒரு கிழமை விடுங்கள்.

ஆனால் யாரோடு பேசுகிறீர்கள்? யாழ்ப்பாணத்தில் இது சின்னக் கேள்வி அல்ல. வாடகை வாங்குபவர் தகப்பன், உறுதி சீதனமாகக் கொடுத்த மகளின் பெயரில், மகள் லண்டனில், வீட்டைப் பார்ப்பவர் சித்தப்பா. சித்தப்பா முப்பதுக்குச் சம்மதித்தால் மகளை அது கட்டுப்படுத்தாது. வீட்டு உறுதியில் யாருடைய பெயர், அவர் இங்கே இல்லையென்றால் அவருக்காகக் கையெழுத்து வைக்கும் அற்றோர்ணித் தத்துவம் யாரிடம், அதில் குத்தகைக்கு விடும் அதிகாரம் எழுதியிருக்கிறதா என்று பணிவாகக் கேட்டுப் பிரதி வாங்குங்கள். நொத்தாரிசு எப்படியும் கேட்பார். சகோதரர்கள் மூவருக்குப் பொதுவான வீட்டில் ஒருவரின் கையெழுத்தை மட்டும் வாங்கி இரண்டு வருடம் நிம்மதி என்று நினைக்க வேண்டாம்.

திருத்த வேலைகள் நல்ல பேரப் பொருள், ஏனென்றால் வெளிநாட்டில் இருப்பவருக்கு இங்கே ஒரு மேசனைப் பிடிப்பது பெரிய தலையிடி. மாரிக்கு முன் ஓடு மாற்றல், கோடையில் கிணறு இறைத்துத் துப்புரவாக்கல், மலகூடக் குழி, பழைய வயரிங்: இவற்றை நீங்கள் நின்று செய்வித்துப் பற்றுச்சீட்டைக் காட்டி வாடகையில் கழிப்பதாகச் சொன்னால் வாடகையில் இரண்டாயிரம் மூவாயிரம் இறங்கக்கூடும். எழுத்தில் சம்மதம் வராமல் செலவழிக்கக் கூடாது. ஒவ்வொரு வேலைக்கும் உச்சத் தொகை, எந்த மாதங்களில் எவ்வளவு கழிப்பது என்று செய்தியிலாவது அவர் "ஓம்" போட்டிருக்க வேண்டும். கிணற்று நீர் உவரான இடங்களில் குழாய்நீர் இணைப்புக்குக் கட்டும் காசும் இப்படித்தான். இணைப்பு வீட்டோடு இருக்கும், நீங்கள் கொண்டுபோக மாட்டீர்கள்.

காலமும் பார்க்க வேண்டும். நல்லூர்த் திருவிழா 25 நாள். அந்த ஜூலை, ஓகஸ்டில் வீட்டுக்காரர் குடும்பத்தோடு வந்து இறங்குவார், சொந்தக்காரர் எல்லோரும் "இந்த வீட்டுக்கு இவ்வளவுதானோ வாங்கிறாய்?" என்று கேட்பார்கள். அதற்கு முன் பேசி முடித்துவிடுங்கள். வரும்போது ஒரு அறையும் விறாந்தையும் தருவதாக நீங்களே முன்வந்தால் அதற்கும் ஒரு விலை இருக்கிறது. ஆனால் எத்தனை நாள், எந்த அறை என்பதை உறுதியில் எழுதுங்கள். எழுதாவிட்டால் மூன்று கிழமை மூன்று மாதமாகிவிடும்.

முற்பணத்தைப் பலர் மறந்துவிடுவார்கள். வாடகை ஏறினால் முற்பணமும் ஆறு மாதத்துக்கு ஏற வேண்டும் என்று பிறகு கேட்பார்கள். 25,000 இல் 150,000 கொடுத்தவர் 30,000 க்கு ஏறினால் இன்னும் 30,000 கையில் வேண்டும். தொகை பேசும் அதே பேச்சில் "முற்பணம் பழையபடியே" என்றும் பேசி முடியுங்கள்.

குத்தகை உறுதியில் வர வேண்டியவை: வாடகையும் தொடங்கும் திகதியும், இரண்டாம் வருடத் தொகை, அதற்கிடையில் கூட்டுவதில்லை என்ற வசனம், இரு பக்கத்துக்கும் மூன்று மாத அறிவித்தல், முற்பணம் எவ்வளவு இருக்கிறது, வீட்டை ஒப்படைத்து எத்தனை நாளில் திரும்ப வரும், ஆதன வரி வீட்டுக்காரர், மின்சாரமும் நீரும் நீங்கள், பெரிய திருத்தம் யார், சின்னத் திருத்தம் யார். "நியாயமான அளவு கூட்டப்படும்" என்று ஒரு வரி வைக்கப் பார்ப்பார்கள். அதை எடுத்துவிட்டு எண்ணைப் போடச் சொல்லுங்கள். முத்திரைத் தீர்வையும் நொத்தாரிசுக் கட்டணமும் யார் கொடுப்பது என்பதைக் கையெழுத்து நாளில் பேசாமல் முன்னரே பேசுங்கள். காணிப் பதிவகத்தில் பதிவாகியதா என்றும் கேளுங்கள். வீட்டை இடையில் விற்றால் உங்களைக் காப்பது அந்தப் பதிவுதான்.

பேச்சு முறிந்து, அவர் ஆளை விட்டுப் படலையைப் பூட்டினால்? பூட்டை உடைக்காதீர்கள். அன்றே பொலிஸில் முறைப்பாடு பதிந்து பதிவு இலக்கத்தை வாங்குங்கள். 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின் கீழ் விடயம் நீதிமன்றம் போகும். பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரை நீதிபதி திரும்பக் குடியமர்த்தலாம், ஆனால் வெளியேற்றியது வழக்குத் தொடுத்த நாளுக்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் நடந்திருக்க வேண்டும். "பாத்துக்கொள்ளுவம்" என்று உறவினர் வீட்டில் பத்துக் கிழமை இருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். தொகைப் பிணக்கு மட்டும் என்றால் மத்தியஸ்த சபைக்குப் போகலாம்; செலவில்லை, ஊர்ப் பெரியவர்கள் முன் பேசும்போது இரு பக்கமும் கொஞ்சம் இறங்கும்.

புதிய வாடகை தொடங்கும் முதல் நாள் மின்மானியையும் நீர்மானியையும் படமெடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். முதல் மாதக் காசை வங்கியில் போடும்போது குறிப்பில் "உறுதி இலக்கம் இன்னது, ஜூன் வாடகை 30,000" என்று எழுதுங்கள்.